'தியானம் பண்ணா மாத்திரை வேணாமா?' - திரும்பத் திரும்ப வரும் டிப்ரஷனும் மைண்ட்ஃபுல்னெஸ் தெரபியும்

போன மாதம் ஒருநாள் ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும். கல்லூரித் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். தாமரைப்பூ, சூரிய உதயம், நடுவில் கொட்டை எழுத்தில் 'மனஅழுத்த மாத்திரைக்குச் சமமாக வேலை செய்கிறது தியானம்: அமெரிக்க ஆய்வில் தகவல்!' கீழே அவளுடைய கேள்வி: "ஏய், இது உண்மையாடி? அப்போ நான் மாத்திரையை நிறுத்திடலாம்ல?"

வேறு யாராவது அனுப்பியிருந்தால் ஒரு ஸ்மைலி போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். இவளிடம் அது முடியாது. கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஒரு தடவை, முதல் வேலைக்குப் போன எட்டாவது மாதத்தில் ஒரு தடவை, இரண்டு வருடங்களுக்கு முன்பு இதுதான் காரணம் என்று எதையும் சொல்ல முடியாமல் ஒரு தடவை என, மூன்று முறை டிப்ரஷனுக்குள் போய் மீண்டு வந்தவள். இப்போது நன்றாக இருக்கிறாள். மாத்திரையும் தொடர்கிறது. "நல்லாத்தானே இருக்க, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று வீட்டில் அவள் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவளே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அதனால் அந்த கார்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தேன்.

ஆய்வு உண்மைதான். 2022 நவம்பரில் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் வந்தது. 276 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு எட்டு வாரம் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை. இரண்டு பிரிவிலும் பலன் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால், அந்த 276 பேரும் பதற்றக் கோளாறு, அதாவது ஆங்ஸைட்டி உள்ளவர்கள். என் தோழிக்கு இருப்பது அது அல்ல. அவர்கள் செய்த 'தியானம்' காலையில் கண்ணை மூடி பத்து நிமிடம் உட்காருவதும் அல்ல. வாரம் ஒரு வகுப்பு, அது இரண்டரை மணி நேரம். தினமும் வீட்டில் முக்கால் மணி நேரப் பயிற்சி. இடையில் ஒரு முழு நாள் அமர்வு. இவை எதுவும் அந்தத் தாமரைப்பூ கார்டில் இல்லை.

தலைப்பு எழுதுகிற எங்கள் ஆட்கள் மேலும் தப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். தமிழில் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் 'மனஅழுத்தம்', டிப்ரஷனுக்கும் 'மனஅழுத்தம்', சில நேரம் ஆங்ஸைட்டிக்கும் அதே சொல். டெட்லைன் டென்ஷனையும், மூன்று வாரமாகக் கட்டிலை விட்டு எழ முடியாத நிலையையும் ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போகிறோம். மனச்சோர்வு என்று தனியாக ஒரு சொல் இருந்தும் தலைப்பில் அது வருவது அபூர்வம். படிப்பவர்களுக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

இரண்டும் ஒன்றல்ல

'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற பெயரில் இப்போது கிடைப்பவற்றில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று எம்.பி.எஸ்.ஆர். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கியது. நாள்பட்ட வலி, ஸ்ட்ரெஸ் போன்றவற்றுக்கான பயிற்சி. ஜென், விபாசனா போன்ற பௌத்த மரபுகளில் தான் கற்றதிலிருந்து மதத்தை எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தார். மேலே சொன்ன 2022 ஆய்வில் கொடுக்கப்பட்டது இதுதான்.

இன்னொன்று எம்.பி.சி.டி. மைண்ட்ஃபுல்னெஸ் அடிப்படையிலான காக்னிட்டிவ் தெரபி. இது ஒரே ஒரு வேலைக்காக உருவாக்கப்பட்டது. டிப்ரஷனிலிருந்து மீண்டவருக்கு அது மறுபடி வராமல் தடுக்க வேண்டும். வந்துவிட்ட டிப்ரஷனைச் சரிசெய்வது அதன் ஆரம்ப நோக்கமே இல்லை. தீயணைப்பு வண்டியைவிட, தீ பிடிக்காமல் ஒயரிங்கைச் சரிபார்க்கும் எலெக்ட்ரீஷியன்தான் இதற்குப் பக்கமான உதாரணம்.

டிப்ரஷனின் கொடுமையே திரும்பி வருவதுதான். ஒருமுறை வந்தவர்களில் பாதிப் பேருக்காவது மறுபடி வரலாம் என்பது மருத்துவ உலகின் பொதுவான கணக்கு. ஒவ்வொரு முறை வந்துபோகும்போதும் அடுத்தது வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது. முதல் தடவைக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். இழப்பு, பிரேக்-அப், வேலை போனது என்று ஏதாவது. மூன்றாவது, நான்காவது தடவைக்கு அவ்வளவு பெரிய காரணம் தேவைப்படுவதில்லை. ஏன்?

கனடாவின் ஸிண்டல் சீகலும் அவருடைய குழுவும் இதற்கு ஒரு பரிசோதனை செய்தார்கள். டிப்ரஷனிலிருந்து முழுதாக மீண்டவர்களை உட்காரவைத்து, ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியேவின் ஓர் இசைத்துணுக்கைப் பாதி வேகத்தில் ஓடவிட்டார்கள். கேட்டாலே நெஞ்சைப் பிசையும். கூடவே, வாழ்க்கையில் நடந்த ஒரு சோகத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். சில நிமிடங்களுக்கு லேசான சோகம் வரும், எல்லோருக்கும் வரும். ஆனால், சிலருக்கு அந்தச் சோகத்தோடு சேர்ந்து 'நான் எதுக்கும் லாயக்கில்லை', 'எல்லாம் என் தப்பு' என்கிற பழைய நினைப்புகளும் விழித்துக்கொண்டன. அப்படி அதிகமாக மாறியவர்களுக்குத்தான் அடுத்த 18 மாதங்களில் டிப்ரஷன் திரும்ப வருவது அதிகமாக இருந்தது. 2006-ல் வெளியான முடிவு இது.

சோகம் வருவது பிரச்னை இல்லை. ஒரு மழைக்கால சாயங்காலத்தின் சாதாரண சோகம்கூட, பல தடவை டிப்ரஷன் வந்துபோன மனதில் பழைய பாதையைத் திறந்துவிடுகிறது என்பதுதான் பிரச்னை. பிறகு மனம் அதையே அசைபோட ஆரம்பிக்கும். 'ஏன் இப்படி இருக்கேன், மறுபடி வந்துடுச்சா, எல்லாரும் நல்லா இருக்காங்க, எனக்கு மட்டும் ஏன்?' பிரச்னையைத் தீர்க்கத்தான் யோசிக்கிறோம் என்று தோன்றும். உண்மையில் யோசிக்க யோசிக்க உள்ளேதான் இறங்கிக்கொண்டிருப்போம்.

தற்செயலாகக் கிடைத்த ஒரு விடை

சீகல், பிரிட்டனைச் சேர்ந்த மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் மூவரும் 90-களில் தேடியது தியானத்தை அல்ல. ஏற்கெனவே இருந்த காக்னிட்டிவ் தெரபியை, மீண்டவர்களுக்கு ஏற்றபடி சுருக்கித் தர வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு வந்த வேலை. முதலில் தங்கள் முறைக்கு 'கவனக் கட்டுப்பாட்டுப் பயிற்சி' என்றுதான் பெயர் வைத்தார்கள். கபாட்-ஜின்னின் வகுப்புகளைப் போய்ப் பார்த்த பிறகு பாதை மாறியது. எண்ணங்கள் சரியா தப்பா என்று வாதாடுவதைவிட, அவை வந்து போவதை விலகி நின்று பார்க்கப் பழகுவது முக்கியம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

முதல் பெரிய சோதனையின் முடிவு 2000-ல் வந்தது. டொரன்டோ, கேம்பிரிட்ஜ், வட வேல்ஸில் உள்ள பாங்கர் ஆகிய மூன்று ஊர்களில் 145 பேர். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை டிப்ரஷன் வந்தவர்களில், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 66 சதவிகிதம் பேருக்கு 60 வாரங்களுக்குள் மறுபடி வந்தது. எம்.பி.சி.டி-யும் செய்தவர்களில் 37 சதவிகிதம்.

பெரிய வித்தியாசம்தான். ஆனால், என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது இன்னொரு வரி: இரண்டே முறை வந்தவர்களுக்கு இந்தப் பயிற்சியால் பலன் தெரியவில்லை. 2004-ல் மறுபடி செய்த ஆய்விலும் அதேதான். இரண்டு முறை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து ஏதோ ஒரு பெரிய அடி விழுந்துதான் டிப்ரஷன் திரும்பியிருந்தது. அடி விழுவதைத் தியானம் தடுக்காது. மூன்று, நான்கு முறை வந்தவர்களுக்கோ வெளிக்காரணம் இல்லாமல், உள்ளுக்குள்ளேயே அந்தப் பழைய பாதை திறந்துகொண்டது. அந்த இடத்தில்தான் இந்தப் பயிற்சி கைகொடுத்தது. தோழியின் மூன்றாவது தடவை ஞாபகம் வந்தது. 'எதுவுமே நடக்கலடி, அதான் பயமா இருக்கு' என்று அப்போது சொல்லியிருந்தாள்.

பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், 2004-லேயே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை வந்தவர்களுக்கு இதைப் பரிந்துரைத்ததற்குக் காரணம் இதுதான். எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் அல்ல. ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கு.

ஒரு உலர்திராட்சையும் எட்டு வாரமும்

வகுப்பில் என்னதான் செய்வார்கள்? பத்துப் பன்னிரண்டு பேர், பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் அல்லது கொஞ்சம் கூடுதல். எட்டு வாரம்.

முதல் வகுப்பில் கையில் ஓர் உலர்திராட்சையைக் கொடுப்பார்கள். நம் ஊரில் பாயசத்தில் மிதக்குமே, அதே கிஸ்மிஸ்தான். அதை இதுவரை பார்த்ததே இல்லை என்பதுபோலப் பார்க்க வேண்டும். சுருக்கங்கள், வெளிச்சத்தில் தெரியும் நிறம், காதருகே வைத்து நசுக்கினால் வரும் சத்தம், வாசனை. பிறகு நாக்கில் வைத்து, கடிக்காமல் கொஞ்ச நேரம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். பயிற்சிக்கு வருபவர்களில் பலரும் இந்த இடத்தில் 'இதுக்கா வந்தோம்' என்றுதான் நினைப்பார்கள். ஒரு கை நிறைய அள்ளி, மொபைலைப் பார்த்துக்கொண்டே வாயில் போடுகிற அதே பழக்கத்தில்தான் நம் நாளில் பெரும்பகுதி ஓடுகிறது என்று காட்டுவதற்காக அந்தத் திராட்சை. அந்த ஆட்டோ பைலட்டில்தான் பழைய நினைப்புகளும் சத்தமில்லாமல் ஏறி உட்காருகின்றன.

அடுத்து 'பாடி ஸ்கேன்'. படுத்துக்கொண்டு கால் கட்டைவிரலில் தொடங்கித் தலைவரை ஒவ்வோர் இடமாகக் கவனத்தைக் கொண்டுபோவது. தூக்கம் வரும், எரிச்சல் வரும், மனம் ஊர் சுற்றும். ஓடுகிறது என்று கவனித்துத் திருப்பிக் கொண்டுவருவதுதான் பயிற்சியே. பிறகு மூச்சுப் பயிற்சி, மெதுவான நடை, எளிமையான யோகா. நாளின் நடுவில் எங்கே வேண்டுமானாலும் செய்யக்கூடிய மூன்று நிமிடப் பயிற்சி ஒன்றும் உண்டு. இப்போது எனக்குள் என்ன ஓடுகிறது என்று பார், மூச்சுக்கு வா, பிறகு முழு உடம்பையும் உணர். அவ்வளவுதான்.

பாதிக்குப் பிறகு தெரபி பகுதி வலுக்கிறது. எண்ணம் என்பது எண்ணம் மட்டும்தான், நடந்த உண்மை அல்ல என்பதற்காகவே ஒரு வாரம். 'மேனேஜர் ரிப்ளை பண்ணலை' என்பது நடந்தது. 'அவருக்கு என்னைப் பிடிக்கலை, வேலை போகப்போகுது' என்பது நாம் சேர்த்துக்கொண்டது. ஒருநாளில் எந்தெந்த வேலை நமக்குத் தெம்பு தருகிறது, எது உறிஞ்சுகிறது என்று பட்டியல் போடச் சொல்வார்கள். டிப்ரஷன் நெருங்கும்போது முதலில் விட்டுப்போவது தெம்பு தருகிற வேலைகள்தான். ஃப்ரெண்ட்ஸோடு டீ, பாட்டு, சாயங்கால வாக்கிங். 'வேலை ஜாஸ்தி, அப்புறம் பாத்துக்கலாம்' என்று ஒவ்வொன்றாக வெட்டிவிட்டு, கடைசியில் உறிஞ்சுகிற வேலைகள் மட்டும் மிஞ்சும்.

கடைசி வாரங்களில் ஒவ்வொருவரும் தனக்கான எச்சரிக்கைப் பட்டியலை எழுதுகிறார்கள். எனக்கு இது திரும்பி வரும்போது முதலில் என்ன மாறும்? தூக்கமா, சாப்பாடா, போனை எடுக்காமல் விடுவதா? அப்படி மாறினால் நான் என்ன செய்வேன், யாரிடம் சொல்வேன்? ஆப்பும் ரீல்ஸும் பெரும்பாலும் கண்டுகொள்ளாத பகுதி இது. என்னைக் கேட்டால், ஊதுபத்தி வாசனையைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

மாத்திரையா, பயிற்சியா?

தோழியின் கேள்விக்கு நேராகப் பொருந்துகிற ஆய்வு 2015-ல் 'லான்செட்' இதழில் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் வில்லெம் கைக்கன் தலைமையில், மூன்று அல்லது அதற்கு மேல் டிப்ரஷன் வந்து, மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த 424 பேர். ஒரு பிரிவு மாத்திரையைத் தொடர்ந்தது. இன்னொரு பிரிவு எம்.பி.சி.டி செய்தபடி, டாக்டரின் மேற்பார்வையில் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தது. இரண்டு வருடங்களில் மறுபடி வந்தது மாத்திரைப் பிரிவில் 47 சதவிகிதம் பேருக்கு, பயிற்சிப் பிரிவில் 44 சதவிகிதம் பேருக்கு. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை.

இதைத்தான் 'தியானம் மாத்திரைக்குச் சமம்' என்று சொல்கிறார்கள். சொல்லலாம். ஆனால், அதே எண்ணை மறுபக்கமிருந்தும் படியுங்கள். இரண்டில் எதைச் செய்தும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் திரும்ப வந்திருக்கிறது. எதுவும் கவசம் இல்லை. மாத்திரையைக் குறைத்தவர்களும் பயிற்சியோடு, டாக்டரோடு, படிப்படியாகத்தான் குறைத்தார்கள். ஒரு ஃபார்வேர்டைப் பார்த்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக நிறுத்தியவர்கள் அல்ல. இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். 'நிறுத்தினதும் நோய் திரும்பிடுச்சு' என்று அதையே தவறாக நினைத்துப் பயப்படுவதும் நடக்கிறது.

பைபோலார் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2013-ல் 95 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், எம்.பி.சி.டி செய்ததால் பைபோலார் எபிசோடுகள் திரும்புவது குறையவில்லை. பதற்றத்தில் மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது. லித்தியம் போன்ற மருந்துகளின் இடத்துக்கு இது வர முடியாது. ரெண்டும் மனநோய்தானே, ரெண்டுக்கும் தியானம்தானே என்று நினைத்துவிடக் கூடாது.

எல்லோருக்கும் கொடுத்தால்?

ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கு வேலை செய்ததை எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த கதையும் இருக்கிறது. பிரிட்டனில் 85 பள்ளிகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு நடத்தினார்கள். 2022-ல் முடிவு வந்தது: வழக்கமான பாடத்தைவிட இதனால் பிள்ளைகளின் மனநலம் மேம்படவில்லை. பெரும்பாலானவர்கள் வீட்டில் பயிற்சியைச் செய்யவே இல்லை. ஏற்கெனவே சிக்கலில் இருந்த சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மோசமாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்றும் சொன்னார்கள். இதைச் சொன்னது மைண்ட்ஃபுல்னெஸ் எதிர்ப்பாளர்கள் இல்லை, 2015 ஆய்வை நடத்திய அதே கைக்கனும் சகாக்களும்தான்.

தியானத்துக்கும் பக்கவிளைவு உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லோபி பிரிட்டன் 96 பேரிடம் துருவிக் கேட்டதில், 6 முதல் 14 சதவிகிதம் பேருக்கு நீடித்த கெட்ட விளைவு இருந்தது. பழைய அதிர்ச்சிகள் கிளறப்படுவது, உணர்வே மரத்துப்போனதுபோல ஆவது போன்றவை. கண்ணை மூடிக்கொண்டு தனியாக ரூமில் உட்காரும்போது பயம் அதிகமானால், 'நான்தான் சரியா பண்ணலை' என்று நினைத்து இன்னும் இறுக்கிச் செய்ய வேண்டாம். நிறுத்திவிட்டு ஒருவரிடம் பேசுங்கள். வகுப்பில் ஓர் ஆசிரியர் இருப்பது இதற்காகவும்தான். ஆப்பில் அவர் இல்லை.

ஆப்களின் கணக்கு தனி. காம் நிறுவனத்தின் மதிப்பு 2020 முடிவில் 200 கோடி டாலர். ஆனால், மனநல ஆப்களை இன்ஸ்டால் செய்தவர்களில் 15 நாள் கழித்தும் திறந்து பார்ப்பவர்கள் சராசரியாக 4 சதவிகிதத்துக்கும் குறைவு என்று 2019-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. என் போனிலும் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறது. ஜிம் மெம்பர்ஷிப் மாதிரி.

இங்கே என்ன வழி?

2025-ல் 'லான்செட் சைக்கியாட்ரி'யில் இன்னோர் ஆய்வு வந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் பேச்சு சிகிச்சையை முடித்தும் டிப்ரஷன் தீராத 200-க்கும் மேற்பட்டவர்களில், வழக்கமான கவனிப்போடு வீடியோ கால் மூலம் எட்டு வார எம்.பி.சி.டி-யும் பெற்றவர்களுக்குக் கூடுதல் முன்னேற்றம் இருந்தது. ஒருவருக்கு ஆன செலவு 100 பவுண்டுக்கும் குறைவு. குழுவாக, ஆன்லைனில், மலிவாக நடத்த முடிகிறது என்பது நம்மைப்போன்ற ஊருக்கு முக்கியமான செய்தி.

ஏனென்றால், இங்கே லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறவில்லை. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, டிப்ரஷன் உள்ளவர்களில் சுமார் 85 சதவிகிதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. முதல் முறைக்கே டாக்டரைப் பார்க்காதவர்களிடம், மூன்றாவது முறைக்குப் பிறகான சிகிச்சையைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் அபத்தம்தான். எழுதும்போதே தெரிகிறது. ஆனால், நம் அமைப்பு முழுக்க வந்த பிறகு ஓடுவதற்கே பழகியிருக்கிறது. நன்றாக இருக்கும் நாள்களில் என்ன செய்வது என்று டாக்டரும் சொல்ல நேரமில்லை, நாமும் கேட்பதில்லை.

தமிழில் முறையாக எம்.பி.சி.டி நடத்துபவரைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. 'மைண்ட்ஃபுல்னெஸ் கோச்' என்று இன்ஸ்டா பயோவில் இருந்தால் போதாது. மனநலத் துறையில் படித்தவரா, டிப்ரஷன் நோயாளிகளுடன் வேலை பார்த்தவரா, இந்தப் பயிற்சியைத் தானே செய்பவரா, மாத்திரையைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். 'அதெல்லாம் விட்டுடுங்க' என்று முதல் நாளே சொன்னால் கிளம்பிவிடுங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால், டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. 2022-ல் தொடங்கியது, தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரையும் அங்கே இலவசம்.

தோழி மாத்திரையை நிறுத்தவில்லை. அடுத்த ரிவ்யூவில் டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகளை போனில் எழுதி வைத்திருக்கிறாள். எத்தனை மாதம் தொடரணும், குறைப்பதாக இருந்தால் எப்படிக் குறைப்பது, இந்தப் பயிற்சி எனக்குப் பொருந்துமா. வகுப்பு கிடைக்கும்வரை காத்திருக்காமல், எச்சரிக்கைப் பட்டியலையும் எழுத ஆரம்பித்துவிட்டாள். போன வாரம் அதில் எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள்.

"நான் எப்பவும் வாய்ஸ் நோட்தானே அனுப்புவேன்? தொடர்ந்து மூணு நாள் வெறும் தம்ஸ்-அப் மட்டும் வந்துச்சுன்னா, மெசேஜ் பண்ணிட்டு இருக்காத. நேர்ல வா."